குப்பைய தூங்க வச்சுட்டேன்! போர்த்துகீஸ்ல சுற்றுச்சூழல் பத்திப் பேச எப்படிப் படிக்கறது?

பாதிக்கிணறு:

எல்லாருக்கும் வணக்கம். ஒன்றரை வருஷமா போர்த்துகீஸ் படிக்கறேன். ஆரம்பத்துல ஒரு ஆப், அப்புறம் கையில கிடைச்ச ஒரு பழைய புக், இப்ப நாலு மாசமா ஒரு பிரேசில் டீச்சர்கிட்ட ஆன்லைன்ல வாரம் ரெண்டு கிளாஸ். குறி செல்பி-ப்ராஸ். தெரியாதவங்களுக்கு, அது பிரேசில் அரசாங்கம் நடத்தற போர்த்துகீஸ் பரீட்சை, எழுத்து தனி பேச்சு தனி, பேச்சுக்கு 20 நிமிஷம், அதுல முதல் 5 நிமிஷம் நம்மளப் பத்திக் கேப்பாங்க, மிச்ச 15 நிமிஷம் மூணு படமோ துணுக்கோ காட்டி அத வச்சுப் பேச விடுவாங்க. அந்த மூணுல ஒண்ணாவது சுற்றுச்சூழலா வர நல்ல சான்ஸ் இருக்குன்னு டீச்சர் சொன்னதால போன வாரம் அதையே எடுத்துப் பேசினோம்.

அங்கதான் மானம் போச்சு. நாம தரையில குப்பை போடக் கூடாதுன்னு சொல்ல நினைச்சு "நாவ்ங் தெவேமுஸ் தெய்தார் லிஷு நு ஷாவ்ங்"னு கெத்தா சொன்னேன். புக்ல அப்படித்தான் இருந்துச்சு. டீச்சர் கொஞ்ச நேரம் உதட்டக் கடிச்சுப் பாத்தாங்க, முடியல, சிரிச்சுட்டாங்க. "குப்பையத் தரையில படுக்க வைக்கறீங்களா, அப்படியே போர்வையும் போத்தி விட்டுடுங்க"ன்னு சொன்னாங்க. அர்த்தம் புரிஞ்சுது, ஆனா எங்க ஊர்ல யாரும் அப்படிச் சொல்ல மாட்டாங்கன்னாங்க.

அது கூடப் பரவால்ல. உண்மையான பிரச்சனை வேற. இந்தத் தலைப்புல மட்டும் ஒரு 180 வார்த்தை மனப்பாடம் பண்ணி வச்சிருக்கேன், காடழிப்பு, மாசு, மறுசுழற்சி, புவி வெப்பமாதல்னு எல்லாம் தெரியும், ஆனா வாயத் திறந்தா ஒவ்வொரு பேர்ச்சொல்லும் தனித்தனியா நிக்குது, ஒண்ணோட ஒண்ணு ஒட்ட மாட்டேங்குது. பேசறதுக்கு எந்த மாதிரி வாக்கியம் புடிச்சுப் படிக்கணும்? பிரேசிலுக்கும் போர்ச்சுகலுக்கும் எங்கெல்லாம் மாறும்? உச்சரிப்பத் தமிழ் எழுத்துலயே போடுங்க ப்ளீஸ், பஸ்ல போகும்போது போன்லதான் படிக்கறேன்.

நதிமூலம்:

சிரிச்சுட்டேன், மன்னிச்சுக்கோங்க. நானும் அதே குழியில விழுந்து எந்திரிச்சவன்தான். உங்க புக் போர்ச்சுகல் புக். அங்க தூக்கிப் போடறதுக்கு "தெய்தார் ஃபோரா"ன்னுதான் சொல்லுவாங்க, ஒரு தப்பும் இல்ல. பிரேசில்ல தெய்தார்னா படுக்கறது, படுக்க வைக்கறது, அதுதான் முதல்ல மனசுல வரும். அங்க "ஜொகார்". ஜொகார் லிஷு நு ஷாவ்ங், ஜொகார் ஃபோரா. பந்து விளையாடறதுக்கும் அதே ஜொகார்தான்.

சுற்றுச்சூழல்ங்கற வார்த்தையே முதல்ல மாறுது. பிரேசில்ல "மேயு அம்பியென்ச்சி", போர்ச்சுகல்ல பெரும்பாலும் வெறும் "அம்பியென்த்". பிரேசில்காரங்ககிட்ட வெறும் அம்பியென்ச்சின்னு சொன்னா ஒரு இடத்தோட சூழ்நிலை, ரூமோட அமைப்புன்னு கூடப் புரிஞ்சுக்குவாங்க. காலநிலை மாற்றத்துக்கு பிரேசில்ல "முதான்சஸ் க்ளிமாச்சிகஸ்", போர்ச்சுகல்ல "அல்தெரசோய்ங்ஷ் க்ளிமாதிகஷ்". காடழிப்பு பிரேசில்ல "தெஸ்மதமெந்து", போர்ச்சுகல்ல "தெஷ்ஃப்ளுரெஷ்தசாவ்ங்". பசுமைக்குடில் விளைவு பிரேசில்ல "எஃபேய்து எஸ்தூஃபா", போர்ச்சுகல்ல நடுவுல ஒரு "த" சேத்து எஃபேய்து த ஷ்தூஃபா. ஸ்ட்ராவுக்கு பிரேசில்ல கனூது, போர்ச்சுகல்ல பல்யீன்யா, அதாவது குட்டி வைக்கோல். தண்ணிய மிச்சம் பிடிக்கறதுக்கு போர்ச்சுகல்ல "போபார்", பிரேசில்ல "எகொனொமிஸார்". போபார் பிரேசில்லயும் உண்டு, ஆனா காசு சேக்கற வாசம் அடிக்கும், சேமிப்புக் கணக்குக்கே போபான்சான்னுதான் பேர்.

இதுல ஆள மாட்டி விடறது குப்பைத்தொட்டி கலர்தான். பிரேசில்ல 2001ல வந்த ஒரு விதிப்படி பேப்பருக்கு நீலம், பிளாஸ்டிக்குக்கு சிவப்பு, கண்ணாடிக்குப் பச்சை, உலோகத்துக்கு மஞ்சள், மக்கற குப்பைக்கு பிரவுன். போர்ச்சுகல்ல நீலமும் பச்சையும் அதேதான், ஆனா மஞ்சள்ல பிளாஸ்டிக்கும் உலோகமும் சேத்துப் போடணும், சிவப்பு சின்னது, பேட்டரிக்கு. ஆக "பிளாஸ்டிக்க சிவப்புல போட்டேன்"னு லிஸ்பன்ல சொன்னா முறைப்பாங்க. தரம் பிரிச்சு எடுக்கறதுக்கு பிரேசில்ல "கொலெத்தா செலெச்சீவா", போர்ச்சுகல்ல "ர்ரெகோல்யா செலெதீவா".

நீங்க எழுதறது பிரேசில் பரீட்சை. அந்தப் புக்கத் தூக்கி ஒரு ஆறு மாசம் அலமாரியில வைங்க (அலமாரியே போர்த்துகீஸ் வார்த்தைதான், அர்மாரியு). ரெண்டையும் கலந்து பேசினா பரீட்சையில தலைய எடுத்துட மாட்டாங்க, ஆனா உங்களுக்கே வேகம் வராது, ஒவ்வொரு வார்த்தையிலயும் நின்னு நின்னு யோசிப்பீங்க.

சும்மாஒருத்தன்:

உச்சரிப்பு பத்தி மட்டும் நான் சொல்றேன், மத்தது பெரியவங்க பாத்துக்கட்டும்.

மேல இருக்கற சாவ்ங், ஷாவ்ங் எல்லாத்துலயும் கடைசி "ங்"க உச்சரிக்காதீங்க. அது மூக்குல போற சத்தம். நமக்கு இது கஷ்டமே இல்ல, ஏற்கனவே பண்ணிட்டுதான் இருக்கோம். "வந்தான்"னு எழுதறோம், பேசும்போது ன் எங்க இருக்கு? வந்தா-ன்னு மூக்குல இழுத்து விட்டுடறோம். "மரம்"னு எழுதிட்டு "மரோ" மாதிரி மூக்காலதான சொல்றோம். அந்த வந்தானோட கடைசி சத்தத்த எடுத்து வால்ல ஒரு சின்ன "உ" சேத்தா பொலுயிசாவ்ங் (மாசு) வந்துடும். மத்த நாட்டுக்காரங்க இதுக்கு மாசக்கணக்குல மல்லுக்கட்டுவாங்க.

அடுத்தது இந்த "ச்சி". அம்பியென்ச்சி, கென்ச்சி, என்ஷென்ச்சி எல்லாம் எழுத்துல "தெ"ன்னுதான் இருக்கும், பிரேசில்ல பெரும்பாலான இடத்துல ச்சின்னு வாயில வரும். இதுவும் நம்ம வீட்டுப் பழக்கம்தான், படித்தான் படிச்சான் ஆகலயா, அடித்து அடிச்சு ஆகலயா. நம்மள்ல "இ" முன்னாடி வந்து மாத்துது, அவங்கள்ல பின்னாடி வந்து மாத்துது, அவ்வளவுதான்.

வார்த்தை "ர"ல ஆரம்பிச்சா ஹ. ஆறுக்கு ஹியு, மறுசுழற்சி பண்றதுக்கு ஹெசிக்லார். கடைசியில "ல்" வந்தா உ ஆயிடும், க்ளோபல் இல்ல க்ளோபாவ். அகெசிமெந்து க்ளோபாவ் (புவி வெப்பமாதல்).

ஒரு எச்சரிக்கை, பம்பரத்துல முதல் ப-வும் ரெண்டாவது ப-வும் சத்தத்துல வேற, தமிழ் எழுத்துல ஒண்ணு, போபார்ல எது எந்தப் பன்னு (ரெண்டும் பம்பரத்தோட முதல் ப) தெரியாது. அதனால ஆடியோ ஒரு தடவ கேட்டுட்டு இத ஞாபகத்துக்கு மட்டும் வச்சுக்கோங்க.

வேகத்தடை:

இவ்ளோ ஆராய்ச்சி தேவையா? நான் 60 வார்த்தை, நாலு வாக்கிய அமைப்பு வச்சுப் போய் எழுதினேன், இன்டர்மீடியட் லெவல் வந்துச்சு. "சுற்றுச்சூழல் ரொம்ப முக்கியம், எல்லாரும் சேர்ந்து காப்பாத்தணும், நன்றி" எந்த படத்துக்கும் இதான். கலரெல்லாம் யார் கேக்கப் போறா.

நதிமூலம்:

வேகத்தடை, வாழ்த்துகள், நெஜமா. ஆனா அந்தப் பரீட்சை எல்லா லெவலுக்கும் ஒரே தாள்தான், பேசறத வச்சுதான் எந்தப் படியில நிக்கறோம்னு முடிவு பண்றாங்க. நீங்க சொன்ன வாக்கியம் இருக்கே, அது பள்ளிக்கூட பேச்சுப்போட்டி வாக்கியம். தேர்வாளர் அடுத்த கேள்வி "சரி, யாரு காப்பாத்தணும், எப்படி, உங்க அனுபவத்துல என்ன பாத்திருக்கீங்க"ன்னு கேட்டுட்டா அதுக்கப்புறம் சரக்கு இருக்காது. 15 நிமிஷம் ரொம்ப நீளம்.

இலைச்சருகு:

பாதிக்கிணறு, உங்க 180 வார்த்தை ஏன் ஒட்டலன்னா அது எல்லாமே அறிக்கையில வர்ற வார்த்தை. ஜனங்க பேசும்போது சுற்றுச்சூழல் அப்படி வராது, கரண்ட் பில்லா வரும், ட்ராஃபிக்கா வரும், கண் எரிச்சலா வரும். நான் மூணு வருஷமா பிரேசில் டீமோட வேலை பாக்கறேன், காதுல விழுந்தத சொல்றேன்.

கரண்ட் பில் அங்க "கோந்தா ஜி லூஸ்", வெளிச்சத்தோட கணக்கு. பிரேசிலோட மின்சாரத்துல பெரும்பகுதி அணைத் தண்ணியிலருந்து வர்றதால மழை குறைஞ்சா பில் ஏறும். 2015லருந்து அதுக்குக் கொடி வச்சிருக்காங்க, பச்சை, மஞ்சள், சிவப்பு. தண்ணி குறைஞ்சு வேற நிலையத்த ஓட்ட வேண்டி வந்தா "பந்தேய்ரா வெர்மேல்யா", சிவப்புக் கொடி, யூனிட்டுக்குக் கூடுதல் காசு. அதனால வறட்சியப் பத்திப் பேச ஆரம்பிக்கற ஆள் "இந்த மாசம் கொடி சிவப்பு"ன்னுதான் ஆரம்பிப்பான். படத்துல காஞ்ச அணை காட்டினாங்கன்னா இத எடுத்து விடுங்க, தேர்வாளர் நிமிர்ந்து உக்காருவாங்க.

2014, 15ல சாவ் பாவ்லுவுக்குத் தண்ணி குடுக்கற கந்தரேய்ரா நீர்த்தேக்கம் வத்திப் போய், மதகுக்கும் கீழ தேங்கி நின்ன தண்ணிய பம்ப் வச்சு எடுத்தாங்க. அந்தத் தண்ணிக்கு "வொலூமி மோர்த்து", செத்த கொள்ளளவு. இன்னைக்கு வரைக்கும் ரொம்பக் களைச்சுப் போனவங்க "நான் வொலூமி மோர்த்துல ஓடிட்டு இருக்கேன்"னு சொல்லுவாங்க. அதே ஊர்ல 1997லருந்து வண்டி நம்பரோட கடைசி எண்ணப் பாத்து வாரத்துல ஒரு நாள் நெரிசல் நேரத்துல கார் எடுக்கக் கூடாது. அதுக்குப் பேர் "ஹொஜீஸியு". காலையில மீட்டிங்க்கு லேட்டா வந்து "இன்னைக்கு என் ஹொஜீஸியு"ன்னா பஸ்ல வந்தேன்னு அர்த்தம். (கறி சுட்டுச் சுட்டு மேசைக்குக் கொண்டு வர்ற ஹோட்டலுக்கும் அதே பேர்தான், நான் முதல் தடவ ஏதோ ட்ரீட்னு நினைச்சுட்டேன்.)

வெள்ளத்துக்கு மூணு வார்த்தை இருக்கு, மாத்திப் போட்டா அடி வாங்குவீங்க. ஆறு பெருகி ஊருக்குள்ள வந்தா "என்ஷென்ச்சி". மழை பேஞ்சு சாக்கடை அடைச்சு ரோட்ல தண்ணி நின்னா "அலகமெந்து". பொதுவா எல்லாத்துக்கும் சேத்து "இனுந்தசாவ்ங்". 2024 மே மாசம் ஹியு க்ராந்ஜி து சூவ் மாநிலத்துல வந்தது என்ஷென்ச்சி. போர்த்து அலெக்ரில ஆத்து மட்டம் 5 மீட்டரத் தாண்டிடுச்சு, அதுக்கு முன்னாடி வரைக்கும் 1941ல வந்த 4.76 மீட்டர்தான் பெரிசு, அந்த ஊர்க்காரங்க எல்லா வெள்ளத்தையும் "41 வெள்ளம்" வச்சுதான் அளந்துட்டு இருந்தாங்க.

தீக்கு ரெண்டு. "கெய்மாதா"ன்னா நிலத்த சுத்தம் பண்ண ஆள் வேணும்னே வைக்கற தீ. "இன்சென்ஜியு"ன்னா கட்டுக்கு அடங்காமப் பரவற தீ. அமேசான் காடு ஈரக்காடு, தானா பத்திக்கறது ரொம்ப அபூர்வம், அதனால அங்க எரியுதுன்னா யாரோ வச்சதுன்னுதான் முதல்ல நினைப்பாங்க. நீங்க கெய்மாதான்னு சொன்ன உடனே ஒரு ஆள் அந்த வாக்கியத்துக்குள்ள வந்துடறான். இன்சென்ஜியுன்னா அவன் மறைஞ்சுடறான். எத சொல்றோம்னு தெரிஞ்சு சொல்லுங்க. 2019 ஆகஸ்ட் 19 மத்தியானம் சாவ் பாவ்லுல வானம் இருட்டிப் போனப்ப, மேகத்தோட காட்டுத்தீப் புகையும் கலந்திருந்துச்சு, அன்னைக்கு எல்லார் வாயிலயும் ஒரே வாக்கியம்: "உ ஜியா விரோ நோய்ச்சி", பகல் ராத்திரியாயிடுச்சு. இத அப்படியே மனப்பாடம் பண்ணுங்க, விரார்ங்கற வினை (ஒண்ணு இன்னொண்ணா ஆயிடறது) இந்தத் தலைப்புல எங்கயும் உதவும். காடு மேய்ச்சல் நிலமாயிடுச்சு, ஆறு சாக்கடையாயிடுச்சு, எல்லாம் விரோதான்.

பாதிக்கிணறு:

அய்யோ இவ்ளோவா, எல்லாருக்கும் நன்றி. நேத்து ராத்திரி உக்காந்து ஒரு ஆறு வரி எழுதினேன், தப்பு சொல்லுங்க.

"உ ஹியு எ பொலுயீது. அஸ் பெசோஅஸ் ஜோகாவ்ங் லிஷு. அ க்ளிமா எஸ்தா காதா வேஸ் மைஸ் கென்ச்சி. ஆஷு கி உ கொவேர்னு எ குவ்பாது. மஸ் நாவ்ங் ஆஷு கி எ சோ உ கொவேர்னு. அ ஜென்ச்சி ப்ரெசிசாமுஸ் குய்தார் த ப்ளனேதா."

ஆறு மாசு பட்டிருக்கு, ஜனங்க குப்பை போடறாங்க, காலநிலை சூடாயிட்டே போகுது, அரசாங்கம்தான் குத்தவாளின்னு நினைக்கறேன், ஆனா அரசாங்கம் மட்டும்தான்னு நினைக்கல, நாம பூமியப் பாத்துக்கணும். இதான் சொல்ல வந்தது.

இலைச்சருகு:

நல்லாருக்கு, "காதா வேஸ் மைஸ்" சரியா புடிச்சுட்டீங்க, அது இந்தத் தலைப்போட தங்கச் சாவி. இப்ப ஒவ்வொண்ணா.

முதல் வரி தப்பில்ல, ஆனா யோசிங்க. "எ பொலுயீது"ன்னா அந்த ஆறோட குணமே அது, எப்பவும் அழுக்கு ஆறு. "எஸ்தா பொலுயீது"ன்னா இப்ப அந்த நிலைமையில இருக்கு, முன்னாடி இல்ல, நாளைக்கு மாறலாம். ஒரே வார்த்தையில நம்பிக்கை இருக்கா இல்லையான்னு தெரிஞ்சுடும். சுத்தம் பண்ணணும்னு பேசப் போறீங்கன்னா எஸ்தா.

மூணாவது வரி, அ க்ளிமா இல்ல, "உ" க்ளிமா. இதுல எல்லாரும் விழுவோம். ஆவுல முடியறது பெண்பால்னு படிச்சிருப்போம், ஆனா இந்தத் தலைப்புல வர்ற சில முக்கியமான வார்த்தைங்க கிரேக்கத்துலருந்து வந்த கூட்டம், ஆவுல முடியும் ஆனா ஆண்பால். உ க்ளிமா, உ ப்ளனேதா, உ ப்ரொப்ளேமா, உ எகொசிஸ்தேமா, உ பியோமா. அதனால உங்க கடைசி வரியிலயும் "த ப்ளனேதா" இல்ல, "து ப்ளனேதா". அப்புறம் இன்னைக்கு வெயிலப் பத்தி சொல்றப்ப க்ளிமா வேணாம், "தெம்பு". நேரத்துக்கும் அதே தெம்புதான், குழப்பிக்காதீங்க.

அஞ்சாவது வரிதான் முக்கியம். "ஆஷு கி"ன்னு சொல்லும்போது எ சரி. "நாவ்ங் ஆஷு கி"ன்னு மறுத்துட்டா உடனே வினை மாறணும்: நாவ்ங் ஆஷு கி "செஜா" சோ உ கொவேர்னு. அதே மாதிரி "ஏதாவது செய்யணும்"னு சொல்ல "எ ப்ரெசீஸு கி உ கொவேர்னு ஃபாசா அவ்கூமா கொய்ஸா", ஃபாஸ் இல்ல ஃபாசா. கருத்து சொல்ற தலைப்புல இந்த செஜா, ஃபாசா ரெண்டும் வாயில தானா வந்துட்டா உங்கள ஒரு படி மேல வச்சுப் பாப்பாங்க. மழையப் பத்தி ஒண்ணு சேத்துக்கோங்க, "தேய்ம் ஷொவீது போக்கு", கொஞ்ச நாளாவே மழை குறைவாதான் பேஞ்சுட்டு இருக்கு. ஒரு தடவ பேஞ்ச மழைக்கு இது ஆகாது, தொடர்ந்து நடந்துட்டு இருக்கறதுக்கு மட்டும்.

கடைசி வரியில அந்த ஆண்பால் பெண்பால் தப்பத் தவிர இன்னொரு தப்பும் இருக்கு. அத நீங்களே கண்டுபிடிங்க.

கடல்காக்கா:

இங்க போர்ச்சுகலுக்கு ஆள் இல்லாம இருக்கே, நான் அந்தக் கட்சி. எதிர்காலத்துல லிஸ்பன் பக்கம் போறவங்களுக்காக ஒரு ரெண்டு விஷயம் மட்டும்.

காடு எரியுதுன்னு பிரேசில்ல "எஸ்தா பெகாந்து ஃபோகு"ம்பாங்க, நெருப்பு புடிச்சுட்டு இருக்கு. போர்ச்சுகல்ல "ஷ்தா அ அர்தேர்". பிரேசில்காரங்களுக்கு அர்தேர்னா மிளகாய் பட்ட கண்ணு எரியறதுதான் முதல்ல ஞாபகம் வரும். கோடை வந்தா போர்ச்சுகல்ல வேற பேச்சே கிடையாது. 2017 ஜூன் 17 பெத்ரோகாவ்ங் க்ராந்த்ங்கற ஊர்ப் பக்கம் வந்த காட்டுத்தீயில 66 பேர் செத்தாங்க, நிறைய பேர் தப்பிக்கறதுக்கு கார்ல போனவங்க, ரோட்லயே. அதுக்கப்புறம் "லிம்பார் உ மாத்து", வீட்டச் சுத்தி இருக்கற புதரைச் சுத்தம் பண்றது, ஒவ்வொரு வருஷமும் எல்லார் வாயிலயும் வர்ற வாக்கியமாயிடுச்சு. யூகலிப்டஸ் நல்லதா கெட்டதான்னு மட்டும் யார்கிட்டயும் ஆரம்பிச்சுடாதீங்க, காபி ஆறிப் போகும்.

நல்ல விஷயமும் சொல்லணும்ல. கார்க் மரத்துக்கு "சொப்ரேய்ரு"ன்னு பேர், மரத்த வெட்டாம பட்டைய மட்டும் உரிப்பாங்க, அடுத்து உரிக்க 9 வருஷம் ஆகணும். உரிச்ச வருஷத்தோட கடைசி எண்ண மரத்து மேல வெள்ளை பெயின்ட்ல எழுதி வச்சுடுவாங்க, யாரும் அவசரப்படாம இருக்க. நிலைத்தன்மைக்கு "சுஷ்தென்தபிலிதாத்"னு நாக்கு சுளுக்கற வார்த்தைய விட அந்த மரத்து எண்ணப் பத்தி ரெண்டு வரி பேசினா போதும், எல்லாருக்கும் புரியும்.

மழைக்காகிதம்:

லேட்டா வர்றேன், எனக்குப் பிடிச்ச மூணு நாலு வார்த்தைய மட்டும் போட்டுட்டுப் போறேன்.

ஆத்தங்கரை ஓரமா இருக்கற காட்டுக்கு "மாதா சிலியார்". சீலியுன்னா கண் இமை முடி. கண்ண இமை காக்கற மாதிரி ஆத்தக் காக்கற காடு. கண்ணை இமை காப்பது போலன்னு சொல்லிச் சொல்லி வளர்ந்த நமக்கு இதுக்கு மேல விளக்கம் வேணுமா, கேட்ட அன்னைக்கே மனசுல ஒட்டிக்கிச்சு.

அமேசான் காட்டு மரங்க விடற நீராவி காத்துல சேந்து தெக்க போய் மழையா விழும், அதுக்கு "ஹியுஸ் வொஅதோரிஸ்", பறக்கும் ஆறுகள். அங்க மரம் வெட்டினா இங்க ஏன் மழை குறையுதுன்னு விளக்கணும்னா இந்த ரெண்டு வார்த்தை போதும்.

போலிப் பத்திரம் வச்சு காட்டு நிலத்த வளைச்சுப் போடறவனுக்கு "க்ரிலேய்ரு". க்ரீலுன்னா சில்வண்டு. புதுப் பத்திரத்தப் பெட்டியில போட்டு கூட சில்வண்டையும் விட்டுடுவாங்களாம், அது கடிச்சு அழுக்காக்கி மஞ்சளாக்கி பழைய பத்திரம் மாதிரி ஆக்கிடும்னு கதை. திருட்டுத்தனமா தங்கம் தோண்டற விஷயம் வந்தா "கரிம்பு", தோண்டறவங்க "கரிம்பேய்ரு", கூடவே பாதரசம் ஆத்துல கலக்கற கதையும் வரும்.

அப்புறம் "பசார் அ பொயாதா", மாட்டு மந்தைய ஓட்டி விடறது. ஒரு மாடு போற வழியில மந்தையே போகும்னு அங்க பழமொழி உண்டு. 2020 ஏப்ரல்ல, எல்லாரோட கவனமும் கொரோனா மேல இருக்கறப்பவே விதிகளத் தளர்த்தி மந்தைய ஓட்டிடலாம்ங்கற மாதிரி அப்போ இருந்த சுற்றுச்சூழல் அமைச்சரே கேபினட் மீட்டிங்ல பேசி, அந்த வீடியோ வெளிய வந்துடுச்சு. அதுலருந்து யாரும் பாக்காத நேரத்துல காட்டுச் சட்டத்த நைசா மாத்தறதுக்கு இதான் பேர். பரீட்சையில இத நீங்களா சொல்ல வேணாம்னு தோணுது, அரசியல் வாடை. ஆனா செய்தியில வந்தா புரியணும்.

இன்னொண்ணு, அமஸோனியா வேற, அமஸோனாஸ் வேற. முதல்ல சொன்னது காடு, பெண்பால், "அ". ரெண்டாவது ஒரு மாநிலம், ஆத்துக்கும் அதே பேர், ஆண்பால், "உ". "உ தெஸ்மதமெந்து நு அமஸோனாஸ்"னு சொன்னா அந்த ஒரு மாநிலத்துல மட்டும் வெட்டினதுன்னு ஆயிடும். சட்டப்படி அமஸோனியான்னு வகுத்த பகுதியில 9 மாநிலம் இருக்கு. காடு எவ்ளோ போச்சுன்னு 1988லருந்து சாட்டிலைட் வச்சு கணக்கெடுக்கறாங்க, அந்தக் கணக்குக்கு வருஷம் ஆகஸ்ட்ல ஆரம்பிச்சு ஜூலைல முடியும், செய்தி படிக்கும்போது குழம்பாதீங்க.

பழமொழி ஒண்ணு கையில இருக்கட்டும். "ஆக்வா மோலி எய்ம் பெத்ரா தூரா, தாந்து பாச்சி அதே கி ஃபூரா". மெத்துனு இருக்கற தண்ணி கெட்டிக் கல்லுல அடிச்சு அடிச்சு ஓட்டை போட்டுடும். நம்ம எறும்பு ஊரக் கல்லும் தேயும்தான்.

வேகத்தடை:

சில்வண்டு மேட்டர் நல்லாருக்கு. நான் திரும்ப எழுதலாம்னு இருக்கேன், இத சேவ் பண்ணிக்கறேன்.

பாதிக்கிணறு:

இன்னைக்குக் கிளாஸ் முடிஞ்சு நேரா இங்க வர்றேன். டீச்சர் காஞ்ச அணை படம் ஒண்ணு போட்டாங்க. நான் "அ பந்தேய்ரா எஸ்தா வெர்மேல்யா"ன்னு ஆரம்பிச்சேன், உடனே "இத யார் சொல்லிக் குடுத்தா"ன்னு கேட்டுட்டு அவங்க வீட்டு பில் பத்தியே பத்து நிமிஷம் புலம்பினாங்க. நான் பேசினத விட அவங்க பேசினதுதான் ஜாஸ்தி, பரீட்சையில இப்படி நடந்தா எனக்கு மார்க் வருமா தெரியல. செஜா ஒரு தடவ சரியா வந்துச்சு, ரெண்டாவது தடவ மறந்துட்டேன். தெய்தார் வாயில வரவே இல்ல.

இலைச்சருகு, கடைசி வரியில அந்த இன்னொரு தப்பு எவ்ளோ யோசிச்சும் கிடைக்கல. குய்தார்தான தப்பு?

இலைச்சருகு:

குய்தார் சரி. "அ ஜென்ச்சி"ன்னா நாமதான், ஆனா வினை ஒருமையில வரணும், அவன் அவளுக்குப் போடற மாதிரி. ப்ரெசிசாமுஸ் இல்ல, அ ஜென்ச்சி ப்ரெசீசா. முஸ் போட்டே ஆகணும்னு ஆசைன்னா "நோய்ஸ் ப்ரெசிசாமுஸ்"னு சொல்லுங்க, கொஞ்சம் மேடைப் பேச்சு மாதிரி இருக்கும். பில் பத்திப் புலம்பறப்ப அ ஜென்ச்சிதான் நல்லாருக்கும்.